தீவகத்தின் குப்பையும் அதனைச் சுமப்போரின் காப்பும்



யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஒருவரிடம் "குப்பை" என்ற சொல்லைச் சொன்னால் அவர் முகஞ் சுளிக்கமாட்டார். தம் தோட்டத்துக்கு இந்தப் போகத்தில் எத்தனை வண்டில் குப்பை வேண்டும் என்று மனக்கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். மாட்டுச் சாணமும், அடுப்புச் சாம்பலும், வளவு கூட்டி வாரிய சருகும் ஒரு கிடங்கிலே கிடந்து உக்கி எருவானதையே நம் முன்னோர் குப்பை என்றனர். அது செல்வம், விலைக்கு விற்கப்படும் பொருள். இன்றோ அதே சொல் உடைந்த போத்தலையும், பொலித்தீன் பையையும், பழுதான பற்றரியையும், பாவித்து எறிந்த ஊசியையும் குறிக்கின்றது. சொல்லின் பொருள் மாறியபோது அப்பொருளைக் கையால் அள்ளுவோரின் வாழ்வும் மாறிற்று. இம்மாற்றத்தின் வரலாற்றினை ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலான தீவகப் பகுதிகளை நடுவாக வைத்து ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

ஊரைச் சுத்தமாக வைத்திருத்தல் வேண்டும் என்பதுபற்றிப் பலரும் பேசியிருக்கின்றனர். அவ்வூரைச் சுத்தஞ் செய்பவருடைய உடம்பு எவ்வாறு காக்கப்பட்டது என்பதுபற்றிப் பேசியவர் சிலரே. ஆகவே ஒவ்வொரு காலத்திலும் எழுந்த சட்டங்களை நோக்குமிடத்து நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். அச்சட்டம் யாருக்குக் காப்பளித்தது? யாரை வெளியே நிறுத்தியது?

முதலில் நிலத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். தீவகம் முழுவதும் சுண்ணக்கல்லின்மேல் அமைந்த நிலம். பெய்யும் மழை அக்கல்லின் வெடிப்புக்களினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்கி நிற்கின்றது. கிணற்றிலே நாம் அள்ளுவது அந்த மெல்லிய படையைத்தான். நெடுந்தீவிலே நல்ல தண்ணீர்க் கிணறுகள் எவ்வளவு அருமையானவை என்பதை அத்தீவு மக்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. இத்தகைய நிலத்தில் எதைப் புதைத்தாலும் அதன் சாறு ஒரு நாள் கிணற்றுக்கு வந்து சேரும். பெருநிலப்பரப்பிலே ஊருக்கு வெளியே பள்ளமொன்றைத் தேடிக் குப்பையைக் கொட்டிவிடலாம். தீவிலே ஊருக்கு வெளியே என்பது கடல்.

முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பனையோலைக் கடகமும், பனைநார்க் கயிறும், மட்பாண்டமும், வாழையிலையும் புழங்கிய காலத்தில் மண் ஏற்காத பொருள் வீட்டிலே மிகக் குறைவு. ஓலை செல்லரித்தால் தோட்டத்துக்குப் பசளையாயிற்று. கரையில் ஒதுங்கிய சாதாழையும் தோட்டத்துக்கே போயிற்று. புகையிலைச் செய்கைக்குப் பெருந்தொகையான எரு வேண்டியிருந்தமையால், கூட்டி வாரியது எதுவும் வீணாகவில்லை. குப்பையை அகற்றுதல் என்று ஒரு தனித் தொழிலே அக்காலத் தீவகத்தில் இருக்கவில்லை. வீட்டார் வீட்டுக் குப்பையைத் தாமே அள்ளினர். தம் தோட்டத்திலேயே தாட்டனர்.

இனி, காப்புப் பற்றிய வரலாற்றுக்கு வருவோம். தீவகத்திலே கிடைத்த மிகப் பழைய ஒழுங்குவிதிகளுள் ஒன்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டிலே காணப்படுகின்றது. 12ஆம் நூற்றாண்டிலே, 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடைய ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். பரதேசத்து வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்திறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும் என்றும் அக்கல்வெட்டுக் கூறுகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியவை. வேறு வாணிபச் சரக்குக் கொண்டுவந்த கலம் உடைந்தால் பாதி அரசுக்கும் பாதி உடையவனுக்கும் உரியவை. இவ்வாறு அவ்வாணை தெளிவாக வகுத்துரைக்கின்றது.

கடலில் விபத்து நேரக்கூடும் என்பதை முன்னறிந்து, அவ்விபத்தின் நட்டத்தை யார் எவ்வளவு தாங்குவது என்று கல்லிலே வெட்டிவைத்த அறிவு போற்றத்தக்கது. ஆயினும் அக்காப்பு வணிகனுக்கும் அவன் சரக்குக்கும் உரியது. கலத்தை வலித்தவனுக்கும், யானையைக் கரையேற்றியவனுக்கும், துறைமுகத்துச் சாணத்தை அள்ளியவனுக்கும் அதிலே எஞ்சியுள்ள வாசகம் எதுவும் கூறவில்லை. அக்காலத்து உலகின் பிற நாட்டுச் சட்டங்களும் பெரும்பாலும் இவ்வாறே இருந்தன என்பதால், இதனைக் குறையாகச் சொல்லவில்லை. பயணத்தின் தொடக்கத்தைக் குறித்துக்கொள்ளவே சொல்கின்றேன்.

அத்துறையின் பெருமை பின்னரும் மங்கவில்லை. போர்த்துக்கேயர் அதனை யானைகளின் துறை என்ற பொருளில் வழங்கினர். அவர்கள் வழங்கிய பெயரே ஆங்கிலத்தில் கயிற்ஸ் என்று நின்றது. அதன் வாயிலிலே கடல் நடுவே நிற்கும் கோட்டை 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியக் கரையிலிருந்து அரிசியும் துணியும் ஆட்களும் வந்திறங்கும் துறைகளுள் ஒன்றாக ஊர்காவற்றுறை விளங்கிற்று. சரக்கோடு நோயும் வந்தது.

19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைப் பலமுறை சூறையாடிற்று. 1866, 1867ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட கொள்ளைநோய் மிகக் கொடியது. 1829 முதல் 1867 வரை அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவரின் காலத்திலே, 1850இல், யாழ்ப்பாணத்தில் மருத்துவமனை ஒன்று எழுந்தது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து நம்மவர் பலருக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பையும் சுகாதாரத்தையும் இரணவைத்தியத்தையும் பற்றி அவர் தமிழிலே வெளியிட்ட நூல்கள் நமது மொழியின் அறிவியல் வரலாற்றில் நிலையான இடம் பெற்றவை. நோய்க்கும் அழுக்குக்கும் தொடர்புண்டு என்ற எண்ணம் இவ்வாறு தமிழ் வாசகரிடையே வேரூன்றிற்று.

சட்டமும் பின்தொடர்ந்தது. 1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டம், வீட்டையும் வளவையும் அசுத்தமாக வைத்திருப்போரைத் தண்டிக்க வழிசெய்தது. 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம், துறைமுகங்களில் வந்திறங்குவோரை மறித்துப் பரிசோதிக்க அதிகாரம் அளித்தது. 1914இல் கொழும்பிலே கொள்ளைநோயாகிய பிளேக் தோன்றியபோது அதிகாரிகள் இத்தகைய சட்டங்களையே துணைக்கொண்டனர்.

இச்சட்டங்களின் நோக்கு எத்திசையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அவை அழுக்கிலிருந்து ஊரைக் காத்தன. நோயாளியிடமிருந்து நலமுள்ளவரைக் காத்தன. அழுக்கை அள்ளுபவரும் ஊரவருள் ஒருவர், அவருக்கும் ஓர் உடம்பு உண்டு என்பதை அவை நினைக்கவில்லை. ஊர் சுத்தமாகும் அளவுக்கு ஒருவருடைய உடம்பிலே அழுக்கும் நோயும் ஏறவேண்டியிருந்தது.

இதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலி நாட்டில் ஒருவர் இதனை நினைத்தார். அவர் பெயர் பெர்னாடீனோ றமசீனி. மொடேனா நகரிலே வைத்தியராக இருந்த அவருடைய வீட்டு மலக்குழியை ஒரு நாள் ஒரு தொழிலாளி சுத்தஞ் செய்துகொண்டிருந்தார். அம்மனிதர் மிகுந்த அவசரத்தோடு வேலை செய்வதைக் கண்ட றமசீனி, இவ்வளவு கடும் உழைப்பு ஏன் என்று வினவினார். அக்குழியிலே நான்கு மணிநேரத்துக்கு மேல் நின்றால் கண் பார்வை கெட்டுவிடும் என்பது தொழிலாளியின் விடை. அவருடைய கண்கள் சிவந்து மங்கியிருந்தன. அவ்விடை வைத்தியரை வேறொரு பாதையில் செலுத்திற்று. அவர் பல தொழிலாளரைத் தேடிச் சென்று, அவரவர் தொழிலால் வரும் நோய்களைத் தொகுத்து, 1700ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். தொழில்சார் மருத்துவம் என்னும் துறையின் தலைநூல் அதுவே. வைத்தியர் நோயாளியிடம் வழமையாகக் கேட்கும் கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று முதன்முதலில் வற்புறுத்தியவர் அவர். குழியிலே இறங்குவோர் முகத்தை மெல்லிய தோலுறையால் மூடிக்கொள்ளவேண்டும், நெடுநேரம் நிற்கலாகாது என்றும் அவர் அறிவுரை கூறினார். முகக்கவசமும் வேலைநேர வரம்பும் நேற்று முளைத்த புதுமைகள் அல்ல.

அக்கண்நோய்க்கு மலக்குழி வாயுக்களே காரணம் என்று பிற்கால விஞ்ஞானம் விளக்கிற்று. அவற்றுள் ஐதரசன் சல்பைட்டு என்பது மிகக் கொடியது. சிறிதளவாயின் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது, இனி ஆபத்தில்லை என்று எண்ணி இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் மற்றவரும் விழுவார். தமிழகத்திலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் இவ்வாறு மாண்டவர் தொகை பெரிது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்து அந்நாட்டில் 1993இலும் பின்னர் 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. குழியில் இறங்கி இறந்தோரின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபா வழங்கவேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27இல் தீர்ப்பளித்தது. அத்தொகை 2023இல் முப்பது இலட்சமாக உயர்த்தப்பட்டது. சட்டம் வந்த பின்னரும் சாவுகள் தொடர்ந்தமையாலேயே தொகையை உயர்த்தவேண்டி வந்தது.

இவ்வேலை ஏன் இவ்வளவு காலம் கவனிக்கப்படாமலிருந்தது என்பதற்கு நம்முடைய சமுதாயமே விடை கூறவேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையின் நகரங்களில் வாளி மலகூடம் வழக்குக்கு வந்தபோது, அவற்றைச் சுத்தஞ் செய்வதற்கென்று தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் யாழ்ப்பாண நகரிலும் வாழ்ந்து வருகின்றனர். அதிகாலையில் அவர்கள் நம் வீட்டுப் பின்புறமாக வந்து போயினர். பகலில் தேநீர்க்கடையிலும் பொதுக் கிணற்றிலும் அவர்களுக்கு இடமில்லாதிருந்தது. சாதிக் குறைபாடுகளைக் குற்றமாக்கிய 21ஆம் இலக்கச் சட்டம் 1957இலேதான் வந்தது. பிறப்பினால் விதிக்கப்பட்ட வேலை என்று ஒரு தொழிலைக் கருதிவிட்டால், அவ்வேலையால் வரும் நோயும் பிறப்பினால் விதிக்கப்பட்டதாகவே தோன்றும். கையுறை கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் அங்கே எவ்வாறு பிறக்கும்?

விஞ்ஞானம் இதனிடையே தன் பணியைச் செய்துகொண்டிருந்தது. கொழுக்கிப்புழு வாய்வழியாக மட்டுமன்றிப் பாதத்தின் தோலைத் துளைத்தும் உடம்பினுள் நுழைகின்றது என்பதைக் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்பவர் 1898ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார். அவ்வறிவைக் கொண்டே 1916இல் இலங்கைத் தோட்டங்களில் றொக்பெல்லர் நிறுவனத்தாரின் புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. மண்ணிலும் துருவிலும் உறங்கும் ஏற்புக்கிருமி சிறு காயத்தின் வழியாக உட்புகுந்து கொல்லும் என்பதும், அதற்கு மாற்றுண்டு என்பதும் 1890இல் பேரிங், கிற்றசாற்றோ ஆகியோரின் ஆராய்ச்சியால் வெளியாயின. எலிக்காய்ச்சலின் கிருமியை 1915ஆம் ஆண்டளவில் யப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்ததும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையேதான். எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நிற்பவரையே அது முதலில் பற்றுகின்றது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது நேயர்களின் நினைவில் இருக்கும். இம்மூன்று நோய்களுக்கும் காப்பாக நிற்பவை ஒரு சோடி றப்பர்ச் சப்பாத்தும், காலத்துக்குக் காலம் போடும் ஏற்பு ஊசியும், வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளிப்பதற்கு நல்ல தண்ணீரும் ஆகும். பெரும் செல்வம் வேண்டியதில்லை. ஆனால் யாரோ ஒருவர் அதனைத் தம் பொறுப்பென்று எண்ணவேண்டும்.

அப்பொறுப்பை வகுத்துரைக்கும் சட்டங்கள் 20ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்தன. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது காயமுற்றவருக்கு எசமானர் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்றது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பொறிகளுக்கு மறைப்பு, காற்றோட்டம், ஒளி, குடிநீர் முதலானவற்றை விதித்தது. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தினால் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான தேசிய நிறுவனம் அமைந்தது. ஒவ்வொன்றும் நன்மையானதே. ஆயினும் 1942ஆம் ஆண்டுச் சட்டம் தன் பெயருக்கேற்பத் தொழிற்சாலையையே கண்முன் நிறுத்திற்று. நான்கு சுவரும் ஒரு கூரையும் பரிசோதகர் வந்து நுழைய ஒரு வாயிலும் உள்ள இடம் அது. ஒழுங்கைக்கு ஒழுங்கை நகரும் உழவு இயந்திரப் பெட்டி தொழிற்சாலை ஆகாது. பிரித்தானியாவிலே இக்குறையை உணர்ந்து, எத்தொழிலாயினும் எவ்விடமாயினும் எசமானருக்குப் பொதுக்கடமை உண்டு என்ற சட்டத்தை 1974இல் இயற்றினர். பாதுகாப்பான, சுகமான வேலைச் சூழல் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என்று சர்வதேசத் தொழில் மாநாடு 2022 யூன் மாதத்திலேதான் பிரகடனஞ் செய்தது. றமசீனியின் நூலுக்கும் அப்பிரகடனத்துக்கும் இடையே 322 ஆண்டுகள் கழிந்தன.

மீண்டும் தீவகத்துக்கு வருவோம். உள்ளூர்க் குப்பையை அகற்றும் கடமை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரதேச சபைகளைச் சார்ந்தது. ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் தனித்தனிச் சபைகள் உள்ளன. நயினாதீவு வேலணைச் சபைக்குள் அடங்குகின்றது. சபையின் வண்டி எட்டாத இடத்தை, அல்லது எட்டாத வேலையை, சிறு தொழில் நடத்துவோர் நிரப்புகின்றனர். ஒரு லாண்ட்மாஸ்ரர், ஒரு பெட்டி, கூலிக்கு இரண்டு மூன்று பேர் என்பதே அத்தொழிலின் முழு முதல். திருமண வீட்டுக் கழிவு, கடைக் கழிவு, இடித்த வீட்டின் கல்லும் ஓடும், பழைய இரும்பு, பற்றை மண்டிய வளவு என்று எதையும் அகற்றிக் கொடுப்பர். நயினாதீவு அம்மன் கோயிலின் ஆனி மகோற்சவம் 16 நாள் நடைபெறும். நாகவிகாரைக்கும் ஆண்டு முழுவதும் யாத்திரிகர் வருகின்றனர். அவர்கள் பக்தியோடு வந்து அருளோடு திரும்புகின்றனர். போத்தலையும் பையையும் தீவிலேயே விட்டுச் செல்கின்றனர்.

என்னிடம் கல்வி பயின்ற ஒருவர் இத்தொழில் செய்கின்றார். எந்தக் குப்பைக்கு மிகவும் அஞ்சுவீர் என்று அவரை வினவினேன். வீட்டார் நன்றாகக் கட்டி, பார்வைக்குச் சுத்தமாக வைத்துத் தரும் பைக்குத்தான் அஞ்சவேண்டும் என்றார். திறந்து கிடக்கும் குவியலில் உள்ளதைக் கண் காணும். கட்டிய பையினுள்ளே உடைந்த கண்ணாடி இருக்கும். நீரிழிவு நோயாளி பாவித்த ஊசி இருக்கும். பையைத் தூக்கித் தொடையோடு அணைத்துப் பெட்டியில் எறியும்போதுதான் அது தன்னை அறிவிக்கும். நான் நூல்களிற் படித்தறிந்த எதனினும் அவ்விடை எனக்கு அதிகம் கற்பித்தது.

இத்தொழிலின் ஆபத்துக்களுட் சில நமது வரலாற்றின் விளைவுகள். 1990ஆம் ஆண்டில் தீவகத்தில் நடந்த படை நடவடிக்கைகளின்போது மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். எத்தனையோ வீடுகள் பல்லாண்டுகள் ஆளரவமின்றிக் கிடந்து இடிந்தன. 2009இல் யுத்தம் முடிந்தபின் வளவுகளைத் துப்புரவாக்கும் வேலை பெருகிற்று. இடிந்த வீட்டிலே புடையன் பாம்பு குடியிருக்கும். கூரையிலே அஸ்பெஸ்ரஸ் தகடு இருக்கும். அதனைச் சம்மட்டியால் உடைக்கும்போது கிளம்பும் நார்த்தூசி நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகளின் பின்னரும் புற்றுநோயை விளைக்கவல்லது. நீரால் நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாகக் கழற்றி, சுற்றிக் கட்டுவதே முறை. பாழ்ங்கிணற்றின் அடியிலே பிராணவாயு குறைந்திருக்கும். பழைய இரும்பு என்று எடுப்பது வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. ஆயினும் மண்ணுக்குள் கிடக்கும் இரும்பு உடன்படிக்கையைப் படிப்பதில்லை. இனந்தெரியாத உலோகத்தைத் தொடாமல், இடத்தைக் குறித்து அறிவிப்பதே அறிவு.

தீவுக்கே உரிய இன்னோர் ஆபத்து உண்டு. அதனைக் கடல் என்று ஒரு சொல்லிற் கூறிவிடலாம். யாழ்ப்பாண நகரில் ஒருவருடைய காலைத் தகரம் வெட்டினால் சில நிமிடங்களில் போதனா வைத்தியசாலையை அடையலாம். நெடுந்தீவில் உள்ள வைத்தியசாலையால் இயலாத சிகிச்சையானால், குறிகட்டுவானுக்குப் படகிலே ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடக்கவேண்டும். சோளகக் காற்றும் வாடைக் காற்றும் மிஞ்சிய நாட்களில் அப்பயணமே ஓர் ஆபத்து. ஆகவே மற்ற இடங்களில் சிறு காயம் எனப்படுவது தீவிலே சிறு காயம் அன்று. முதலுதவிப் பெட்டி நகரத்துத் தொழிலுக்கு ஒரு துணை. நெடுந்தீவுத் தொழிலுக்கு அது வைத்தியசாலையின் முதல் அறை.

குப்பையின் ஆபத்து அதனை அள்ளுபவரோடு நின்றுவிடும் என்று எண்ணுவோருக்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் விடை கூறுகின்றன. 2017 ஏப்பிரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 32 உயிர்களைப் புதைத்தது. நம் யாழ்ப்பாணத்துக் கல்லுண்டாய் வெளியிலே குப்பை எரிந்து புகை மூடியதை அயலூரார் பலமுறை கண்டுள்ளனர். 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியபோது மேல்கரை முழுவதும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின. 2025 மே 25இல் கேரளக் கடலுக்கு அப்பால் மூழ்கிய எல்சா என்னும் கப்பலின் பிளாஸ்ரிக் மணிகள் அடுத்த மாதமே நமது வடகரையைத் தேடி வந்தன. 2021இல் கரையைத் துப்புரவாக்கியோர் தலை முதல் கால் வரை வெண்ணிற அங்கி அணிந்திருந்ததைப் படங்களிற் கண்டோம். அது சாலச் சரியான செயல். அபாயம் செய்தியாகும்போது அங்கி கிடைக்கின்றது. அன்றாடம் அள்ளுவோருக்கு அபாயம் செய்தியாவதில்லை; ஆகவே அங்கியும் கிடைப்பதில்லை.

மூன்று பேரை வைத்துத் தொழில் நடத்துபவர் இவற்றையெல்லாம் எவ்வாறு தாங்குவார் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கையுறைக்கும் சப்பாத்துக்கும் செலவிடுபவர் கூலியைச் சற்று உயர்த்திக் கேட்கவேண்டும். அவற்றை வாங்காதவர் குறைந்த கூலிக்கு வருவார். நாம் குறைந்த கூலிக்கு வருபவரையே அழைப்போமானால், காப்பில்லாத தொழிலுக்கு நாமே பரிசளித்தவராவோம். எனவே பழி முழுவதையும் அச்சிறு முதலாளியின் தலையிற் சுமத்துதல் முறையன்று. வேலையை ஒப்பந்தத்துக்குக் கொடுக்கும் சபைகளும் ஆலயங்களும் சங்கங்களும் தம் ஒப்பந்தத்திலேயே கையுறை, சப்பாத்து, ஏற்பு ஊசி, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றுக்குரிய செலவைத் தனியாகக் குறித்துக் கொடுத்தல் வேண்டும். அப்பொழுது காப்பு போட்டிக்கு உரிய பொருளாகாது.

தொழில் நடத்துவோர் செய்யக்கூடியவையும் பல. பாரத்தை இருவர் சேர்ந்து தூக்குதல், ஓடும் பெட்டியின் விளிம்பில் ஆளை ஏற்றாதிருத்தல், பெட்டியைச் சரிக்குமுன் பின்புறத்தில் ஆளில்லை என்று பார்த்தல், பற்றரியையும் வாயுக் கலத்தையும் மற்றக் குப்பையோடு எரியாதிருத்தல், குழிக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் தனியே எவரையும் இறக்காதிருத்தல் ஆகியவற்றுக்குப் பணச்செலவு மிகக் குறைவு, பழக்கமே வேண்டும்.

வீட்டாராகிய நமது கடமை எல்லாவற்றிலும் எளிது. உடைந்த கண்ணாடியைக் கடதாசியிற் சுற்றி ஒரு தகரப் பேணியில் இட்டுத் தனியே கொடுப்போம். ஊசியை மூடியுள்ள போத்தலில் அடைத்து வைத்தியசாலையிலே ஒப்படைப்போம். உக்கும் கழிவை நம் பாட்டன் பாட்டியைப் போல வளவிலேயே எருவாக்குவோம். பாடசாலைகளிலும் இதனை ஒரு பாடமாக அன்றிப் பழக்கமாகக் கற்பிக்கலாம். பையைக் கட்டும் கை, அதனை அவிழ்க்கப்போகும் கையை நினைக்கவேண்டும். அவ்வளவே.

நயினாதீவுக் கல்வெட்டு வணிகனுக்குக் காவல் தந்தது. வெள்ளையர் சட்டம் ஊருக்குக் காவல் தந்தது. தொழிற்சாலைச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்குக் காவல் தந்தது. வட்டம் சிறிது சிறிதாக விரிந்தே வந்திருக்கின்றது. விரியும்போதெல்லாம் அதற்குமுன் வெளியே நின்ற ஒருவர் உள்ளே வந்திருக்கின்றார். ஒழுங்கையில் நம் வாசலிலே லாண்ட்மாஸ்ரரை நிறுத்திவிட்டு நிற்பவர்கள் இன்னும் பெரும்பாலும் அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர். அவர்களை உள்ளே அழைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றட்டும். அதுவரை காத்திராமல், அடுத்த முறை அவர்கள் வரும்போது பையினுள் என்ன இருக்கின்றது என்பதை நாமே எடுத்துச் சொல்லலாம். கைகால் கழுவ ஒரு வாளி நல்ல தண்ணீரும் கொடுக்கலாம்.